பாண்டி என்றதும் ஏன் சிரிக்கிறீர்கள்?

வெளியூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, "நமக்குப் புதுச்சேரி" என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்து இலைக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "ஓ, பாண்டியா!" என்பார். அந்த 'ஓ'வில் எல்லாம் அடங்கியிருக்கும். கட்டை விரலை வாய்ப் பக்கம் சாய்த்துக் காட்டிச் சிரிக்கிறவர்களும் உண்டு. எழுபது வயது தாண்டிய ஆளிடம், பெயர்கூடத் தெரியாத முதல் சந்திப்பில், இந்த உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தது? பாதி சினிமா கொடுத்தது. மீதியை நாமே கொடுத்தோம். இரண்டையும் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் கடுமையாகவே எழுதப்போகிறேன். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சினிமா. தமிழ்ப் படத்தில் நாலு பையன்கள் காரில் ஏறி, "பாண்டிக்கு விடுடா" என்றால் அடுத்த காட்சி என்னவென்று தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும். காதலில் தோற்றால் பாண்டி. கல்யாணத்துக்கு முன்னால் கடைசிக் கூத்தடிக்கப் பாண்டி. அடியாள் தலைமறைவாக இருக்கவும் பாண்டி. 2015-இல் வந்த 'நானும் ரவுடி தான்' எங்கள் ஊரிலேயே நடக்கிற கதை. சிரித்துப் பார்க்கக்கூடிய படம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் பார்த்து முடிக்கும்போது, இந்த ஊரில் ரவுடியும் போலீசும் தவிர வேறு யாரும் சோறு பொங்கிச் சாப்பிடுவதில்லையோ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

இதற்கு எதிரே இன்னொரு படத்தை வைத்துப் பாருங்கள். 2012-இல் வந்த 'லைஃப் ஆஃப் பை'. எடுத்த ஆங் லீ தைவானில் பிறந்தவர். அவருக்கும் நமக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. ஆனால் அவர் படம் தொடங்கும்போதே பம்பாய் ஜெயஸ்ரீ குரலில் தமிழ்த் தாலாட்டு ஒன்று ஒலிக்கிறது. அந்தப் பாட்டு ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியல் வரைக்கும் போனது. தைவான்காரர் எங்கள் ஊரை நினைத்தபோது ஒரு தாயின் தாலாட்டு அவர் காதில் விழுந்திருக்கிறது. நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கோடம்பாக்கத்துக்கு மட்டும் கண்ணாடிக் குவளை மோதுகிற சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

இந்தக் 'குடிகார ஊர்' பட்டம் எப்படி வந்தது? சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். சென்னை மாகாணத்தில் 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் கடைகளைத் திறந்தார்கள். 1974-இல் திரும்ப மூடினார்கள். 1981-இல் மறுபடி திறந்தார்கள். ஆக, ஏறத்தாழ முப்பது வருஷம் எல்லைக்கு அந்தப் பக்கம் கடை இல்லை, இந்தப் பக்கம் கடை இருந்தது. கோரிமேட்டிலும் கோட்டக்குப்பத்திலும் பஸ்ஸை நிறுத்தி மடியைத் தடவிச் சோதனை போட்டதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சோதனை யாருக்கு? ஊரிலிருந்து திரும்பிப் போகிறவர்களுக்கு. அதாவது வந்து குடித்தவர்கள் வெளியூர்க்காரர்கள், பெயர் கெட்டது உள்ளூர்க்காரனுக்கு. சத்திரத்தில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவன், சத்திரத்துக்காரனைச் சாப்பாட்டு ராமன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதை இது.

சரி, அதெல்லாம் பழைய காலம். 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனையை அரசாங்கமே டாஸ்மாக் மூலம் நடத்துகிறது. தெருமுனையில் கடை, நெடுஞ்சாலையில் கடை. இப்போதும் கட்டை விரலைச் சாய்த்துக் காட்ட எங்கள் ஊர்தான் வேண்டியிருக்கிறதா?

நம் பக்கத்துத் தவறை நான் மூடி மறைக்கப் போவதில்லை. இங்கே வரி குறைவு, அதனால் விலை குறைவு. சாராயக்கடையும் கள்ளுக்கடையும் ஏலம் விட்டு நடக்கின்றன. அரசாங்கக் கஜானாவுக்கு அதில் நல்ல வரும்படி. ஆனால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது? காலை ஏழு மணிக்கே சாராயக்கடை வாசலில் நிற்கிற கூலிக்காரரின் மனைவியிடம் போய் இந்தப் பாண்டி ஜோக்கைச் சொல்லிப் பாருங்கள். துடைப்பத்தால் பதில் வரும். நாற்பது வயதில் தாலி இழந்து, பத்துப் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற பெண்கள் வில்லியனூர்ப் பக்கமும் பாகூர்ப் பக்கமும் எத்தனை பேர்! அவர்கள் துக்கத்தை எடுத்து வேடிக்கைக் காட்சியாக வெட்டி ஒட்டிக் காசு பார்க்கிறார்கள். அதற்குக் கைதட்டுகிறவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இது ஒரு படம். இன்னொரு படம் இதைவிட நாசூக்கானது, அதனால் இதைவிட ஆபத்தானது. அது 'பிரெஞ்சு நகரம்' என்ற படம்.

சனி, ஞாயிறுகளில் துமா வீதி, சுய்ப்ரேன் வீதி, ரோமேன் ரோலன் வீதிப் பக்கம் போனால் நடக்க இடம் இருக்காது. மஞ்சள் சுவர், வெள்ளைப் பட்டை, காகிதப்பூக் கொடி. ஒவ்வொரு சுவருக்கு முன்னாலும் கல்யாணம் ஆகப்போகிற ஒரு ஜோடி. மாப்பிள்ளை கோட்டு போட்டு வேர்த்துக்கொண்டிருப்பார். ஃபோட்டோக்காரர், "அப்படியே பாரிஸ் மாதிரி இருக்கு மேடம்" என்பார். சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்குப் பிடிக்காதது அந்த இடத்துக்கு இவர்கள் எல்லோரும் சொல்கிற பெயர். 'ஒயிட் டவுன்.' விடுதி விளம்பரத்தில் ஒயிட் டவுன், கடைப் பலகையில் ஒயிட் டவுன், ஆட்டோக்காரர் வாயிலும் ஒயிட் டவுன்.

வெள்ளை என்றால் அங்கே சுவரின் நிறம் இல்லை ஐயா, மனிதனின் நிறம். பிரெஞ்சுக்காரர் ஊரை நடுவில் ஒரு வாய்க்காலால் பிரித்தார்கள். கிழக்கே, கடல் பக்கம், 'வீல் பிளான்ஷ்', வெள்ளையர் பட்டணம். மேற்கே 'வீல் நுவார்', கறுப்பர் பட்டணம். இரண்டாவது பெயரைச் சொல்ல இன்று யாருக்காவது வாய் வருமா? பாரதி வீதியில் ஒரு விடுதி திறந்து 'கறுப்பர் பட்டணத்தில் தங்க வாருங்கள்' என்று பலகை மாட்டுவார்களா? மாட்டமாட்டார்கள். ஆனால் அதன் ஜோடிப் பெயரை மட்டும் பெருமையாக மாட்டிக்கொள்கிறோம். ஒன்றைச் சொன்னால் மற்றது சொல்லாமலே வந்துவிடுகிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை என்று கேட்கலாம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். இன்றைக்கும் எனக்கு வாய்ப்பாடு பிரெஞ்சில்தான் வரும். ஏழெட்டு எவ்வளவு என்றால் 'சேங்காந்த்-சிஸ்' என்றுதான் நாக்கு முந்திக்கொள்ளும். செய்ன், லுவார், கரோன், ரோன் என்று பிரான்சின் ஆறுகளை மூச்சு விடாமல் ஒப்பித்தவர்கள் நாங்கள். வில்லியனூரை ஒட்டி ஓடுகிற சங்கராபரணி எந்த மலையிலிருந்து வருகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த மொழியின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இப்போதும் இரவில் தூக்கம் வராவிட்டால் விக்தோர் ஹ்யூகோவைத்தான் எடுத்து வைத்துக்கொள்வேன். மொழியை நேசிப்பது வேறு, எசமான் வைத்த பெயரைத் தலைமேல் தூக்கிச் சுமப்பது வேறு.

பிரெஞ்சு என்பது இந்த ஊர்ச் சாதாரண ஜனங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை நான் மஞ்சள் சுவரில் பார்க்கவில்லை. அலுவலக மேசையில் பார்த்தேன். நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், பாகூரிலிருந்தும் மண்ணாடிப்பட்டிலிருந்தும் விவசாயிகள் வருவார்கள். துண்டில் சுற்றிய பழைய பத்திரம் ஒன்றை மேசைமேல் வைப்பார்கள். பாட்டன் காலத்துக் கிரயப் பத்திரம். முழுக்கப் பிரெஞ்சில் இருக்கும். "சாமி, இதுல நம்ம நிலம் எதுன்னு படிச்சுச் சொல்லுங்க" என்பார்கள். வடக்கே யார் நிலம், தெற்கே எந்த வாய்க்கால் என்று படித்துச் சொல்லுவேன். கண் கலங்கக் கேட்டுவிட்டுப் பத்திரத்தைத் திரும்பத் துண்டில் சுற்றிக்கொண்டு போவார்கள். மூன்று தலைமுறையாக உழுத மண், அதன் எல்லையைத் தெரிந்துகொள்ள இன்னொருவன் வாயைப் பார்க்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு அவர்களுக்கு அழகான ஜன்னலாக இருக்கவில்லை, தங்கள் சொத்துக்கே போட்ட பூட்டாக இருந்தது.

அந்த அழகான ஜன்னல்களைத்தான் யார் செய்தது? 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து மறுபடி கட்டத் தொடங்கினார்கள். வரைபடம் அவர்களுடையது. சுண்ணாம்பு அரைத்த கையும், கல் சுமந்த தலையும், தேக்கு இழைத்த உளியும் நம்முடையவை. அந்தக் கொத்தனாரும் தச்சரும் சாயங்காலம் வேலை முடிந்து வாய்க்காலைத் தாண்டி மேற்கே போய்த்தான் படுத்தார்கள். அங்கே அவர்கள் கட்டிக்கொண்ட வீடுகளில் தெருவை ஒட்டித் தாழ்வாரமும் திண்ணையும் வைத்தார்கள். வழிப்போக்கனுக்கு வெயில் படக்கூடாது என்று தன் வீட்டு நிழலைத் தெருவுக்குக் கொடுத்த கட்டடக்கலை அது. மேற்கேயும் சாதிக்கொரு தெரு இருந்தது, அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் இன்று அந்தத் திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு மாடிக் கட்டடமாகின்றன. அவற்றுக்கு முன்னால் நின்று படம் பிடிக்க ஒரு ஜோடியும் வருவதில்லை.

வந்தால் எவ்வளவோ இருக்கிறது. 1908-இல் பாரதி இங்கே வந்து பத்து வருஷம் இருந்தார். பாஞ்சாலி சபதமும், குயில் பாட்டும், கண்ணன் பாட்டும் இந்த ஊர்க் காற்றில் எழுதியவை. அவர் குடியிருந்த வீடு ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் இருக்கிறது. பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் வீதியில். இரண்டும் வாய்க்காலுக்கு மேற்கே. ஆங்கிலேயன் கைக்கு எட்டாமல் பாரதியை வைத்திருந்தது பிரெஞ்சு ஆட்சி என்பதால் அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அதே நேரம், அவருக்குச் சோறு போட்டதும் துணைக்கு நின்றதும் குவளைக் கண்ணனைப் போன்ற நம் தெருக்காரர்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னும் பின்னால் போங்கள். பிரெஞ்சுக்காரர் இங்கே காலூன்றியது 1674-இல். அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்தது இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ரோமாபுரி வணிகத்தின் தடயம். பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு கல்லூரி நடந்தது. அதற்குப் பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் காலத்தில் ஊர்களை மானியம் விட்ட செப்பேடு இருக்கிறது. அவ்வளவு நீண்ட வயது உள்ள ஊரை, நடுவில் வந்துபோன ஒரு குடித்தனக்காரன் பெயரால் அழைப்பது என்ன நியாயம்?

பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனதில் உண்மையிலேயே பெருமைப்பட வேண்டியது ஒன்று உண்டு. சமத்துவம் என்ற சொல். அதை அவர்கள் எழுதிவைத்தார்கள், வாங்கியது நாம் போராடித்தான். 1873-இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றம் போனார். இந்தியன் பூட்ஸ் போட்டு வரக்கூடாது என்றார் நீதிபதி. பிள்ளை பாரிஸ் வரைக்கும் வழக்காடி வென்றார். 1936 ஜூலை 30-ஆம் தேதி பஞ்சாலைத் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, பன்னிரண்டு பேர் செத்தார்கள். அன்றைக்குப் பாரிசில் ஆட்சியில் இருந்தது தொழிலாளர் பெயரைச் சொல்லி வந்த அரசாங்கம்! மக்கள் தலைவர் வ. சுப்பையாவும் மற்றவர்களும் விடாமல் போராடி, அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். கீழூருக்கு எந்தச் சுற்றுலாக் கார் போகிறது? 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலை 2020-இல் மூடப்பட்டது. ஆலைச் சங்கு ஊதுவதை வைத்துக் கடிகாரம் திருப்பிய தெருக்களில் இன்று வாடகை ஸ்கூட்டர் நிற்கிறது. ஆலையில் நின்று வேலை பார்த்தவர் பேரன், கடற்கரைப் பக்கத்து ஓட்டலில் 'போன்ழூர்' சொல்லிக் கதவு திறக்கிறான். வேலை எதுவும் இழிவில்லை. ஆனால் ஊரின் கதையில் அவன் பாட்டனுக்கு இடமில்லை, அவனுக்குக் கதவுக்கு வெளியேதான் இடம் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது நம்மைப் பற்றி. இந்தப் போலிப் பெருமையை வெளியூர்க்காரர் மட்டுமா வளர்த்தார்கள்? 1962-க்குப் பிறகு நம் கல்யாணச் சந்தையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஜாதகம் பார்க்குமுன் "நேஷனாலிட்டி இருக்கா?" என்றுதானே கேட்டோம்? பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண் என்றால் வரதட்சணையே வேண்டாம் என்று பெரிய படிப்புப் படித்த மாப்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பெண்ணின் குணம் என்ன, பையனின் குணம் என்ன என்று கேட்டவர்கள் குறைவு. அந்தக் குடியுரிமையின் பின்னால் இருந்த விலையை யாரும் பேசவில்லை. கரும்புத் தோட்டக் கூலிக்கு ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப் என்று கப்பலேறித் திரும்பாதவர்கள் எத்தனை பேர்! இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் அடுத்தவன் சண்டையில் குண்டடி பட்ட சொல்தாக்கள் எத்தனை பேர்! ஜூலை 14-ஆம் தேதி பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரையில் நடந்துபோகும் அந்தக் கிழவர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரும். அவர்கள் பிரான்சை உடம்பில் சுமந்தவர்கள். ஜன்னலில் பிரெஞ்சுக் கொடித் துணி தொங்கவிட்டுக் காப்பிக்கு இருநூறு ரூபாய் வாங்குகிறவர்களோடு அவர்களைச் சேர்க்காதீர்கள்.

பாட்டில் படம், பாரிஸ் படம், இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வாரக் கடைசியில் வந்துபோகிறவனுக்கு வேண்டியதை மட்டும் காட்டி, இங்கேயே பிறந்து இங்கேயே சாகிறவனைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுகின்றன. காரைக்கால், மாகே, ஏனாம் மக்களுக்கு அந்தச் சட்டகத்தில் ஓரம்கூடக் கிடையாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படம் எடுக்கிற தம்பிகளே, அடுத்த முறை கதாநாயகன் பாண்டிக்கு வந்தால், ஒரே ஒரு காட்சியிலாவது இந்த ஊர்க்காரர் ஒருவர் குடிக்காமல், ரவுடியாக இல்லாமல், வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்பட்டும். ஊர் சுற்றிக் காட்டுகிற பிள்ளைகளே, ஒயிட் டவுன் என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு வீதிக்கும் பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்லுங்கள். பிறகு விருந்தாளியை அழைத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். அரை நிமிஷ நடைதான்.

என் வயது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவை உங்கள் பாட்டனார் என்ன பெயரால் அழைத்தார், அங்கே யார் திண்ணையில் என்ன தொழில் நடந்தது என்று நினைவிருப்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகள் கையில் கொடுங்கள். நாம் போன பிறகு, பாண்டி என்றதும் சிரிக்கிறவனுக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டுமே.